கலர் சோர்ட்டரின் சாவி நம் பிள்ளைகளிடம் வர வேண்டும்

பல தோட்டங்களின் ஸ்டோர்களில் இன்று கலர் சோர்ட்டர் நிற்கிறது. தூளோடு கலந்திருக்கும் காம்பையும் நாரையும் பிரித்தெடுக்கும் மெசின் அது. முன்பு இந்த வேலையைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் செய்தார்கள். இன்று தூள் மேலிருந்து சறுக்கி விழுகிறது. கமெரா பார்க்கிறது. காம்பு என்று கண்டால் ஒரு சின்ன வால்வு திறந்து காற்றை ஊதி அதை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் நடந்துவிடும் காரியம்.

இந்த மெசினால் எத்தனை பேருடைய பேர் குறைந்தது என்பதைப் பற்றி நாம் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்னும் பேசுவோம். இங்கே நாம் கேட்பது இன்னொரு கேள்வி. அது நின்றுபோனால் யார் வந்து பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். தொலைபேசியில் சொன்ன பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை தூள் குவிந்து கிடக்கும். மழைக்காலமாகவும் கொழுந்து அதிகமாகவும் இருந்தால் டீ மேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். கடைசியில் வானில் ஒரு இளைஞர் வந்து இறங்குவார். வயது இருபத்தைந்து இருக்கலாம். பெட்டியைத் திறப்பார். கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைப்பார், காற்றுக் குழாயில் தேங்கிய தண்ணீரை வடிப்பார், அடைத்துக்கொண்ட ஒரு வால்வைக் கழற்றி வேறொன்று போடுவார். மெசின் ஓடும். அதற்கு ஒரு பில் வரும். அந்தப் பில்லின் தொகையை ஸ்டோரில் வேலை செய்யும் நம் தொழிலாளியின் நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நாம் எதை எழுத வருகிறோம் என்பது விளங்கும்.

அந்த இளைஞர்மீது நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் படித்த படிப்பு அது. நம் கேள்வி, அந்தப் படிப்பு ஏன் நம் லயத்துப் பிள்ளைக்கு இல்லை என்பதுதான். மெசின் நிற்கும் இடத்திலிருந்து நூறு யார் தூரத்தில் அந்தப் பிள்ளை இருக்கிறான். சாதாரண தரம் எழுதிவிட்டு கொழும்பில் ஒரு கடையில் சாமான் தூக்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

நம் ஆட்களுக்கு மெசின் புதிதல்ல. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலம் தொட்டு, ரோலரைச் சுற்றியதும் அடுப்புக்கு விறகு போட்டதும் நம் முன்னோர்தான். பழைய ஸ்டோர்களில் ஒரே ஒரு இஞ்சின் இருக்கும், அல்லது தண்ணீரில் சுழலும் டர்பைன். கூரையோரம் நீண்ட சாஃப்ட் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்கள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சல்லடையையும் சுற்றும். பெல்ட் அறுந்தால் தைத்தவர், பெயரிங் சூடேறினால் வாசத்திலேயே கண்டுபிடித்தவர் யார்? நம் தாத்தாமார்தான். பிறகு ஒவ்வொரு மெசினுக்கும் தனி மோட்டார் வந்தது. மோட்டார் கட்டப் பழகிக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் படிப்பு இருக்கவில்லை, பார்த்தும் கேட்டும் கைப்பழக்கத்தாலும் கற்றார்கள்.

இப்போது வந்திருக்கும் மாற்றத்தை அப்படிப் பார்த்து மட்டும் பழக முடியாது. பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். பி.எல்.சி.க்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பி.எல்.சி. என்பது சுவிட்ச்போர்டு அறையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. சென்சர் சொல்வதைக் கேட்டு, தனக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும், வால்வைத் திறக்கும், பெல்ட்டை நிறுத்தும். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளுக்காக இதைச் செய்தார்கள். இன்று போத்தல் நிரப்பும் இடத்திலும் பிஸ்கட் பொதி செய்யும் இடத்திலும் டயர் தொழிற்சாலையிலும் இருக்கிறது. வாட்டும் தொட்டியின் ஃபேன் வேகத்தை ஈரப்பதத்துக்கு ஏற்ப மாற்றுவதற்கும், டிரையரின் சூட்டை ஒரே அளவில் வைப்பதற்கும் இதே வகைக் கருவிகள் தேயிலைக்குள்ளும் வந்துகொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் பொருத்தி, ஓட்டி, பழுது பார்ப்பவரைத்தான் தன்னியக்கத் தொழில்நுட்பவியலாளர் என்கிறார்கள். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் ஆட்டோமேஷன் டெக்னீசியன். ரோபோக் கைகள் உள்ள தொழிற்சாலையில் அவற்றையும் இவரே பார்ப்பார். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இந்த வேலையின் பாதி, நல்ல எலக்ட்ரீசியனுக்குத் தெரிந்த வேலை. கால்வாசி, நல்ல பிட்டருக்குத் தெரிந்த வேலை. மீதிதான் கணினி. மல்டிமீட்டரைப் பிடித்து வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். வரைபடத்தைப் பார்த்து எந்த வயர் எங்கே போகிறது என்று தேடத் தெரிய வேண்டும். கொம்பிரசரின் காற்று அழுத்தம் ஏன் குறைகிறது என்று யோசிக்கத் தெரிய வேண்டும். அதற்கு மேல் பி.எல்.சி.யின் கட்டளையை வாசிக்கத் தெரிய வேண்டும். பொறுமையும் சாதாரண தரக் கணிதமும் உள்ள பிள்ளையால் முடியாத காரியமல்ல இது.

ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றில்தான் அது முதலில் வருகிறது. அவர்களுடைய மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணைக்காரனுக்கு அடிமைப்பட்ட குடியானவன் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. துண்டுக் கடனோடு கப்பலேறி வந்த நம் மூதாதையருக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இனி, நம் தோழர்களில் சிலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "நம்மை வெளியே அனுப்பும் மெசினுக்கு நாமே எண்ணெய் ஊற்றுவதா? சங்கம் மெசினை எதிர்க்க வேண்டுமே தவிர, அதற்கு ஆள் தயாரித்துக் கொடுக்கலாமா?" நியாயமான கேள்வி. ஒரு கலர் சோர்ட்டர் பத்துப் பேரின் வேலையை எடுத்துக்கொண்டால், அந்தப் பத்துப் பேரும் டெக்னீசியனாகிவிட முடியாது. ஒருவரோ இருவரோ ஆகலாம். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நாம் நம்பக்கூடாது. பயிற்சி கொடுத்துவிட்டோம், ஆகவே வேலை போனதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஒரு நிருவாகம் சொன்னால் அதை ஏற்கவும் கூடாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். மெசின் வந்தது என்பது அந்த அனுமதியைத் தாண்டிப் போக வழியல்ல. இந்தப் பாதுகாப்பை நாம் விடப்போவதில்லை.

ஆனால் எதிர்ப்பு மட்டும் போதுமா? மெசின் வாங்குவதா இல்லையா என்று முடிவு செய்யும் மேசையில் நம்மை யாரும் உட்கார வைத்ததில்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, எந்த மெசினும் சங்கத்தைக் கேட்டு வந்ததாக நமக்கு நினைவில்லை. வந்து இறங்கிய பிறகுதான் நமக்குத் தெரியும். வந்துவிட்ட மெசினை அறிந்தவர் நம்மில் ஒருவராக இருந்தால், பேச்சுவார்த்தையில் நம் நிலை வேறு. இந்த மெசினுக்கு இத்தனை ஆள் வேண்டும், இந்த வேகத்தில் ஓட்டினால் தரம் கெடும், இந்த மூடி இல்லாமல் ஓட்டக்கூடாது என்று துரையிடம் தெளிவாகச் சொல்ல நம்மிடம் ஆள் இருப்பார். தெரியாதவன் எதிர்த்தால் அறியாமை என்பார்கள். தெரிந்தவன் எதிர்த்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

சாதாரண தரம் முடித்த பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போவது எப்படி? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் இது தெரியாததால்தான் பல பெற்றோர் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இலங்கையில் தொழிற்பயிற்சிச் சான்றிதழ்களுக்கு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமை என்ற படிமுறை உண்டு. 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். 4ஆம் மட்டம் பெற்றவர் மேற்பார்வை இல்லாமல் தானாக வேலை செய்யக்கூடிய தொழிலாளி என்று பொருள். நம் பிள்ளை முதலில் எலக்ட்ரீசியன், இலத்திரனியல், அல்லது இயந்திரப் பிட்டர் துறையில் 3ஆம், 4ஆம் மட்டத்தைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு மெகட்ரோனிக்ஸ், அதாவது மின்சாரமும் இயந்திரமும் கணினியும் சேர்ந்த துறை. அதில் டிப்ளோமா மட்டம். விருப்பமும் திறமையும் இருந்தால் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். 2008இல் அதற்கான சட்டம் வந்ததே, உயர்தரத்தில் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்களுக்கும் தொழில் வழியாகப் பட்டம் வரை ஒரு பாதை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. பொறியியல் தொழில்நுட்பம் அதில் ஒரு பாடம். கலைப்பிரிவைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல வாசல். ஆனால் நம் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் இந்தப் பிரிவு உள்ளவை குறைவு. இருக்கும் இடத்திலும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பின்னடைவு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். விளங்குவதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருளில்லை.

பயிற்சி எங்கே கிடைக்கும்? தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மாவட்டங்களில் உண்டு. பயிலுனராகத் தொழிற்சாலையில் சேர்ந்து கற்க நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் உண்டு. கொஞ்சம் தூரம் போனாலும் பரவாயில்லை என்றால் மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. தமிழ்ச் சூழலில் படிக்க விரும்பும் பிள்ளைகள் கிளிநொச்சியை யோசிக்கலாம். அட்டனிலிருந்து தூரம்தான். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையும் வீட்டைவிட்டுத் தூரத்தில்தானே இருக்கிறான்?

இங்கே ஒரு எச்சரிக்கை. நகரங்களில் சுவரொட்டியிலும் முகநூலிலும் "மூன்று மாதத்தில் ரோபோட்டிக் டிப்ளோமா" என்று விளம்பரம் வருகிறது. கட்டணம் ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ சொல்வார்கள். தாயின் காதுத்தோடு அடகுக்குப் போகும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் மட்டம்? தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி எத்தனை மாதம்? வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பி.எல்.சி. பெட்டியைச் சுற்றி முப்பது பிள்ளைகள் நின்றால் அங்கே யாரும் எதையும் கற்கப்போவதில்லை. பட்டுச் சட்டத்தில் போட்ட சான்றிதழைக் காட்டினால் வேலை கொடுக்க எந்தத் தொழிற்சாலையும் காத்திருக்கவில்லை. "இந்த மோட்டாரை ஓட்டிக்காட்டு" என்றுதான் கேட்பார்கள்.

இளைஞர்களைப் பற்றி மட்டும் பேசி, ஏற்கனவே ஸ்டோரில் நிற்பவர்களை மறந்துவிடக்கூடாது. பதினைந்து இருபது வருடமாகப் பிட்டர் வேலை செய்யும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரோலரைக் கழற்றிப் பூட்டுவார்கள், மோட்டார் கட்டுவார்கள், டிரையர் அடுப்பைச் சரிசெய்வார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இவர்களுக்காகத்தான் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கொடுத்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் வந்து வேலையைச் செய்யச்சொல்லிப் பார்த்துத் தகைமை வழங்குவார். நைட்டா இதைச் செய்கிறது.

இதில் முட்டுக்கட்டை எங்கே வருகிறது தெரியுமா? சேவைக் கடிதத்தில். விண்ணப்பத்துக்கு வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் வேண்டும். பதிவேட்டில் அந்தத் தோழர் "தொழிலாளி" என்றுதான் இருப்பார். பிட்டராக வேலை வாங்குவார்கள், சம்பளமும் பெயரும் சாதாரண தொழிலாளிக்கு உரியது. ஆகவே கடிதத்திலும் "தொழிலாளியாகக் கடமையாற்றினார்" என்று ஒரு வரி. இருபது வருட அறிவு அந்த ஒரு வரியில் காணாமல் போகிறது. இதைத் தவறுதலாக நடப்பது என்று நாம் நினைக்கவில்லை. பிட்டர் என்று எழுதினால் பிட்டருக்குரிய தரத்தைக் கேட்பார் என்பது நிருவாகத்துக்குத் தெரியும். செய்த வேலையின் உண்மைப் பெயரைச் சேவைக் கடிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கோரிக்கையாக எடுக்க வேண்டும். இதற்கு நிருவாகத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. செலவில்லாத கோரிக்கைக்கே எவ்வளவு தயங்குகிறார்கள் என்று அப்போது பார்க்கலாம்.

பெண்களைப் பற்றி. காம்பு பொறுக்கிய தாய்மாரின் கண்ணைப் போன்ற கண் எந்தக் கமெராவுக்கும் இல்லை என்று நாம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. மெசினுக்கு எது காம்பு, எது தூள் என்று யாரோ ஒருவர் அளவு வைத்துக்கொடுக்க வேண்டும். அளவை இறுக்கினால் நல்ல தூளும் சேர்ந்து வெளியே போகும். தளர்த்தினால் காம்பு உள்ளே வரும். இந்த நடுஅளவை யார் சரியாகச் சொல்வார்? இருபது வருடம் பி.ஓ.பி.யையும் பி.ஓ.பி.எஃப்.ஐயும் கையில் அள்ளிப் பார்த்தவர்தான். ஆனால் மெசின் வந்ததும் அந்தப் பெண்ணை மலைக்கு அனுப்பிவிட்டு, தூளையே பார்த்திராத ஒரு பையனை ஒபரேட்டராக நிறுத்துகிறார்கள். மெசினின் முன் நிற்கும் முதல் உரிமை, அந்த வேலையைக் கையால் செய்தவருக்கு. பயிற்சி நிலையங்களிலும் இப்படித்தான், பெண் பிள்ளை என்றால் தையல், அழகுக்கலை என்று காட்டிவிடுகிறார்கள். கலர் சோர்ட்டரின் வால்வைக் கழற்ற ஆண் பலம் தேவையில்லை. நுணுக்கமான விரல்கள் தேவை.

பாதுகாப்பு விடயத்தை நாம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய ரோலரில் கை அகப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பழைய மெசின் ஓடுகிறதா நிற்கிறதா என்று சத்தத்திலேயே தெரியும். தானாக இயங்கும் மெசின் அப்படியல்ல. பெல்ட் நிற்கும். மெசின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைப்போம். உண்மையில் அது சென்சரின் சைகைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தூள் வந்ததும் தானாகக் கிளம்பிவிடும். ஆகவேதான் பயிற்சி பெற்ற டெக்னீசியன் முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துவார், அதற்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், காற்றுக் குழாயில் மீதமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுவார், அதன் பிறகே மூடியைத் திறப்பார். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. துப்புரவு செய்யும் தொழிலாளிக்குக்கூட இந்தப் பூட்டு முறை சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும். மெசினோடு வேலை செய்பவர் எல்லோருக்கும் இது பயிற்சியின் முதல் பாடம்.

மொழி. அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழியாகவும் அரச கரும மொழியாகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும், நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களிலேயே தமிழில் நடக்கும் தொழில்நுட்ப வகுப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நல்ல பாடநெறி சிங்களத்தில் இருக்கும், தமிழில் தையல் இருக்கும். போதனாசிரியர் இல்லை என்ற பதிலைப் பல வருடமாகக் கேட்டு வருகிறோம். இல்லையென்றால் உருவாக்க வேண்டும். மலையகத்திலிருந்து டிப்ளோமா முடித்த பிள்ளைகளில் சிலரைப் போதனாசிரியர் பயிற்சிக்கு எடுப்பது ஒரு பெரிய காரியமா? அதே நேரம் நம் பிள்ளைகளிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெசினோடு வரும் கைநூல் ஆங்கிலத்தில் இருக்கும், வேலை செய்யும் இடத்தில் பேச்சு சிங்களத்தில் இருக்கும். தமிழில் விளங்கிக்கொள்ளும் உரிமைக்காகப் போராடுவோம், மற்ற இரண்டையும் வேலைக்கு வேண்டிய அளவு கற்போம். சென்சருக்கும் ரிலேக்கும் தமிழ்ச்சொல் தேடி யாரும் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இனிக் காசுப் பிரச்சினை. அரசாங்க நிலையங்களில் முழுநேரப் பயிற்சிக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் காசு, அறை வாடகை, சாப்பாடு, கருவிகள், இவையெல்லாம் யார் கொடுப்பது? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபையில் முடிவானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து என்று விலை ஏறிய வேகத்தில் இந்த உயர்வு கரைந்தது நமக்குத் தெரியும். பயிற்சிக்குப் போகும் பிள்ளை ஒன்றரை இரண்டு வருடம் வீட்டுக்கு எதுவும் கொண்டுவர மாட்டான். கடைக்குப் போகிறவன் அடுத்த மாதமே ஐயாயிரமோ பத்தாயிரமோ அனுப்புவான். அப்பா கடையைத்தான் சொல்வார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இரண்டு வருடம் காத்திருப்பது என்பதே ஒரு செலவு.

ஆகவேதான் பயிற்சியைக் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு "படியுங்கள், முன்னேறுங்கள்" என்று சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. மெசினால் லாபம் பெறுபவர் பயிற்சிக்கும் கொடுக்க வேண்டும். ஒரு கலர் சோர்ட்டர் வாங்கும்போது விற்பனை ஒப்பந்தத்திலேயே, அந்தத் தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பேருக்காவது பழுதுபார்க்கும் பயிற்சி தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். மெசினின் விலையோடு பார்த்தால் இது சில்லறை. பயிற்சிக் காலத்தில் நாட்சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். திரும்பி வருபவருக்குத் தொழில்நுட்பத் தரத்தில் மாதச் சம்பளம் வேண்டும். மறுபடியும் பிரட்டுக்களத்தில் நிறுத்தி நாட்சம்பளத்தில் பேர் போட்டால், அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் பியகமவுக்கோ கட்டுநாயக்கவுக்கோ போய்விடும். போவதை நாம் தடுக்கப்போவதும் இல்லை. தொழில் தெரிந்தவனுக்குக் கதவு பல. தோட்டம் அவனை வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்குரியதைக் கொடுக்கட்டும்.

2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு, நம் பேச்சு முழுவதும் நாட்சம்பளத் தொகை என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண் முக்கியம்தான், அதில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் கூட்டு ஒப்பந்தம் என்பது சம்பளம் மட்டுமல்ல. வேலை நிபந்தனை, தரம், பயிற்சி எல்லாம் அதற்குள் வரும். புதிய ஒப்பந்தம் என்று எந்த மேசையில் பேசினாலும், பயிற்சி இடங்களை ஒரு தனிப் பிரிவாக எழுத வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்திடமும் தொழிற்பயிற்சி அதிகார சபையிடமும் இதையே கேட்கிறோம்: தோட்டப் பகுதிகளுக்கு அருகில், தமிழில், என்.வி.கியூ. 4ஆம் மட்டம் வரை மின்சாரமும் இயந்திரமும் சேர்ந்த பாடநெறி வேண்டும். இடமில்லை என்று சொல்ல வேண்டாம். மூடிக்கிடக்கும் ஸ்டோர்கள் எத்தனை? கூரையும் மின்சார இணைப்பும் பழைய மெசின்களும் உள்ள ஒரு மூடிய ஸ்டோரைவிட நல்ல பயிற்சிப் பட்டறை எங்கே கிடைக்கும்?

தோட்டக் கமிட்டிகள் இப்போதே ஒரு வேலையைத் தொடங்கலாம். இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். ஒன்றில் சாதாரண தரம் அல்லது உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும், அல்லது கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகளின் பெயர், வயது, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பெற்ற பெறுபேறு. பெண் பிள்ளைகளின் பெயர்களை விட்டுவிட வேண்டாம். மற்றதில் ஸ்டோரில் பிட்டர், எலக்ட்ரீசியன், மெசின் ஒபரேட்டர் வேலை செய்பவர்களின் பெயர், சேவைக்காலம். இந்த இரண்டாவது பட்டியலில் ஒவ்வொருவரும் எந்தெந்த மெசினில் வேலை செய்தார், எதையெல்லாம் தானாகக் கழற்றிப் பூட்டுவார் என்பதையும் சேர்த்து எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அனுபவ மதிப்பீட்டுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.